சிவப்பு விளக்குக்குப் பூசிய தேங்காய் எண்ணெய்

1

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி எட்டு வருடமாகிறது. கொப்பி வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியை எழுதி, அப்படியே மூடி வைத்தது மூன்று தடவை. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுத்து ஓடவில்லை என்று சொல்லித் தப்பலாம். உண்மைக் காரணம் வெட்கம்.

லண்டனில் எங்கள் ஆட்களுக்குள் என்னைப்பற்றி ஒரு கதை உலாவுகிறது. அது முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியை மறைத்தவன் நானேதான்.

இந்த வருடம் தைப்பூசத்துக்கு நானும் என் மனைவி பவளமும் நாங்கள் இருக்கிற கிழக்கு லண்டன் குட்மேய்ஸிலிருந்து வெளிக்கிட்டு, ரெயில் மாறி மாறி ஆர்ச்வேயில் இறங்கி, முருகன் கோயில் இருக்கிற மலை ஏறினோம். அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பின்னால் திரும்பி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கதை கொடுத்தார். முன்பின் தெரியாத மனிதர்.

“குட்மேய்ஸோ? அங்கை ஒரு பள்ளிக்கூடத்தடியிலை நடந்தது தெரியுமே? ஸ்னோ கொட்டின நேரம். ரெட்டைப் பிள்ளையளை வண்டிலிலை வைச்சுத் தள்ளிக்கொண்டு ஒரு பொம்பிளை ரோட்டிலை இறங்கிறாள், டெலிவரி வான் ஒண்டு பறந்து வருது. சிக்னலைப் பாத்தால் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. மூண்டு வட்டமும் திருநீறு பூசின மாதிரி வெள்ளை!”

“திருநீறோ?” என்றேன்.

“பின்னை என்ன? அந்த நேரம் முருகா எண்டு ஒரு குரல். வான் அப்பிடியே நிண்டிட்டுது. குரல் குடுத்தது பிள்ளையளை ரோட்டுக் கடத்திவிடுற ஒரு கிழவனாம். ஆனால் அந்தாள் அண்டைக்கு வேலைக்கே வரேல்லையாம். அப்ப வந்தது ஆர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.”

பவளம் முழங்கையால் என் விலாவில் இடித்தாள். “சொல்லுங்கோவன், அந்தக் கிழவன் நான்தான் எண்டு.”

நான் சொல்லவில்லை. சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் நின்றேன். ஏனென்றால் அந்த வெள்ளை திருநீறு அல்ல, தேங்காய் எண்ணெய். எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அந்த விளக்குகளில் பூசியவன் நான். அன்றைக்கு மூன்று உயிர் போகப் பார்த்தது என் கையால்.

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

காலையிலும் பின்னேரமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ரோட்டுக் கடத்திவிடுவது என் வேலை. மஞ்சள் கோட்டும், வட்டப் பலகை பூட்டிய நீளத் தடியும் கவுன்சில், அதாவது நகரசபை, தரும். தடி குச்சிமிட்டாய்போல இருப்பதால் இங்கே லொலிபொப் மான் என்று பெயர். சிக்னல் இருக்கிற இடத்தில் ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். ரோட்டு அந்த இடத்தில் வளைகிறது. பெற்றோர் எல்லாம் கேட்டு ஒரு ஆளையும் போடச் செய்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது என் மகள் ஆரணிக்கு ஆறு வயது. முதல் வருடங்களில் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு “ஹி இஸ் மை அப்பா” என்று எல்லாருக்கும் சொல்வாள். பெரிய பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு தரிப்பு முன்னாலேயே பஸ்ஸால் இறங்கி மற்றப் பக்கத்தால் நடந்து போகப் பழகிவிட்டாள். நானும் காணாத மாதிரித் தடியைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒரே இடத்தில் வருடக்கணக்காக நின்றால் பக்கத்தில் நிற்கிற கம்பமும் தெரிந்த ஆள்போல ஆகிவிடும். அந்த சிக்னல் எனக்கு அப்படி. முந்தி அதற்குள் இருந்தது பழைய குண்டு பல்ப். மழை பெய்தால் சிவப்பின் மூடியிலிருந்து ஆவி பறக்கும். பனிக்காலத்தில் புறாக்கள் வந்து சிவப்புக்கு மேலேதான் குந்தும், பச்சைக்கு மேலே குந்தாது. ஸ்னோ விழுந்தால் கண்ணாடியில் பட்ட உடனே கரைந்து சொட்டும். எவ்வளவு கொட்டினாலும் அந்த மூன்று வட்டமும் துடைத்து வைத்ததுபோல இருக்கும். அது பல்ப்பின் சூட்டால் என்று அப்போது நான் யோசித்ததில்லை. விளக்கென்றால் சுடும், அவ்வளவுதான்.

ஒரு கோடை விடுமுறையில் ஆட்கள் வந்து அதைக் கழற்றிப் புதுசு பூட்டினார்கள். என்ன செய்கிறார்கள் என்று நான் விடுப்புப் பார்க்கப் போனேன். கையிலே பச்சை குத்திய ஒரு பெரிய மனிதன், நிலத்தில் வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு, கண் கூசுகிற சிவப்பு. கையை வைத்துப் பார் என்றான். நான் பயந்து பயந்து உள்ளங்கையை வைத்தேன். பச்சைத் தண்ணீர்க் குளிர்.

“எல்ஈடி,” என்றான். கரண்ட் கொஞ்சம்தான் குடிக்கும், எல்லாம் வெளிச்சமாகவே போய்விடும், சூட்டுக்கு வீணாகாது என்று விளக்கினான்.

அன்று முழுக்க அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து வியந்தேன். கற்பூரம் காட்டினால் அந்தச் சூட்டைத்தானே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறோம்? சுடாத ஒரு வெளிச்சத்தை மனிதன் செய்துவிட்டானே! வீட்டில் போய்ச் சொன்னேன். பவளம் கறி கிண்டிக்கொண்டே, “அப்ப அதிலை புறா குந்தாது,” என்றாள். அடுத்த பனிக்காலம் பார்த்தால், உண்மைதான், ஒரு புறாவும் வரவில்லை.

எனக்கு அதிலிருந்து அடுத்ததை யோசிக்கிற மூளை இல்லாமல் போய்விட்டது.

3

லண்டனில் ஸ்னோ கொட்டினாலும் ஒரு நாளில் சேறாகிவிடும். அந்த வருடம் அப்படி இல்லை. கிழக்கிலிருந்து ஊசி மாதிரிக் காற்று. ஸ்னோ மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் பறந்து வந்து சிக்னலின் மூடிகளுக்குள் புகுந்து அடைத்தது. கிழக்குப் பக்கம் பார்த்த சிவப்பு மத்தியானத்துக்குள் பாதி மறைந்தது. உள்ளே விளக்கு எரிகிறது, வெளியே ஸ்னோ இருக்கிறது, ஒன்றை ஒன்று தொடவில்லை. ஒரு துளி கரையவில்லை.

பழுது சொல்லுகிற நம்பருக்கு அடித்தேன். பாட்டுக் கேட்டு, ஒன்றை அமத்தி, நாலை அமத்தி, கடைசியாக ஒரு பெண் பிள்ளை வந்தாள். என்னுடைய இங்கிலீஷில் “ஸ்னோ இஸ் சிட்டிங் ஒன் த லைட்” என்றேன்.

விளக்கு எரிகிறதா என்று கேட்டாள்.

எரிகிறது, ஆனால் ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

எரிகிற விளக்கைப் பழுது என்று எப்படிப் பதிவது என்று அவளுக்கும் தெரியவில்லை, பாவம். கடைசியில் எதையோ எழுதிக்கொண்டு ஒரு நீள நம்பர் தந்தாள். ஆட்கள் வருவார்கள், ஆனால் லண்டன் முழுக்க இன்றைக்கு இதே அலுவல் என்றாள்.

வீட்டுக்குப் போய் நிலம் துடைக்கிற தடியைக் கொண்டுவந்து, தலைப்பில் சீலை சுற்றி, எட்டித் துடைத்தேன். சிவப்பு பளிச்சென்று வந்தது. கால் மணித்தியாலத்தில் மறுபடி மூடியது. திரும்பத் துடைத்தேன். திரும்ப மூடியது. நான் இருக்கிற நேரம் என் தடியைக் காட்டி வாகனங்களை மறிக்கலாம். நான் போன பிறகு?

பின்னேரம் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இதைச் சொன்னபோது பவளம்தான் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, பலாப்பழம் வெட்டேக்கை கையிலை பால் ஒட்டாமலுக்கு என்ன செய்யிறனாங்கள்?”

“எண்ணெய் பூசுறனாங்கள்.”

“அப்ப?”

அவளை நான் அன்று மந்திரி மாதிரிப் பார்த்தேன். வீட்டில் இரண்டு எண்ணெய் இருந்தது. ஒன்று நல்லெண்ணெய், சாமி விளக்குக்கு. மற்றது தேங்காய் எண்ணெய், தலைக்கும் சமையலுக்கும். நல்லெண்ணெய்ப் போத்தலில் கையை வைத்துவிட்டு எடுத்தேன். சாமிக்கென்று வாங்கியதைத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் பூசுவது சரியில்லை என்று பட்டது. தேங்காய் எண்ணெயை எடுத்தேன். பக்தியாகத்தான் எடுத்தேன். நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கு லேசில் உறையாது. தேங்காய் எண்ணெய் எங்கள் அடுப்படியிலேயே ஹீற்றருக்கு மேலே வைத்தால்தான் தண்ணீராக இருக்கும். இது இந்த ஊரில் இருக்கிற ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் கை எண்ணெயைக் கொண்டுபோனது விளக்குக்கு. விளக்குக்குக் கிட்ட எண்ணெய் உறையும் என்று என் வாழ்நாளில் நான் கண்டதில்லையே. அது சுடாத விளக்கு என்று என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அந்த நேரம் தலைக்குத் தெரியவில்லை.

போத்தலைக் கோட்டின் உள்ளுக்குள் வைத்துச் சூடாகக் கொண்டுபோனேன். பொழுது படுகிற நேரம். யாரும் பார்த்தால் என்ன சொல்வது என்ற பயத்தில், தடியின் தலைப்பில் சுற்றிய சீலையை அவசரமாக நனைத்து மூன்று வட்டத்துக்கும் பூசினேன். சிவப்புக்கு இரண்டு தரம் பூசினேன். எண்ணெயில் சிவப்பு மினுங்கியது. முருகா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

4

மறுநாள் வானம் வெளித்து, வெயில் எறித்தது. ஸ்னோவில் பட்ட வெயில் கண்ணைக் குத்தியது. பள்ளிக்கூடம் ஒரு மணித்தியாலம் பிந்தித் திறக்கும் என்று செய்தி வந்தது. பஸ் ஓடவில்லை. வழுக்கி வழுக்கி நடந்ததில் நான் ஒரு ஐந்தாறு நிமிடம் பிந்திவிட்டேன்.

ஒரு நாற்பது அடி தூரத்தில் வரும்போது சிக்னலைப் பார்த்தேன். முகமே இல்லை. எண்ணெய் மெழுகாக உறைந்திருந்தது. எண்ணெய்த் தட்டில் மா ஒட்டுகிற மாதிரி, அதன்மேல் ராத்திரிப் பறந்த ஸ்னோ எல்லாம் ஒட்டியிருந்தது. பால் அப்பத்தின் நடுப்போல மூன்று வெள்ளை வட்டம்.

கடவையில் ஒரு பெண் நின்றாள். எனக்கு முகப் பழக்கமானவள், ருமேனியாக்காரி. இரட்டைக் குழந்தைகளை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்த வழியால் போவாள். நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் பக்கவாட்டில் இருந்ததால் அது மறையவில்லை. பச்சை வந்தது. அவள் நம்பி வண்டிலை ரோட்டில் இறக்கினாள்.

கிழக்கிலிருந்து வெள்ளை வான் ஒன்று வளைவால் வந்தது. அது வேகம் குறைக்கவில்லை.

எனக்கு “ஸ்டொப்” என்று கத்தத் தெரியும். அது என் தொழில். தடியிலேயே அந்தச் சொல் எழுதியிருக்கிறது. ஆனால் வாயில் வந்தது அது இல்லை. அடிவயிற்றிலிருந்து, “முருகா!” என்று வந்தது. அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்ததென்று எனக்கே தெரியாது.

அந்தப் பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வண்டிலின் முன் சில்லு ரோட்டில், பின் சில்லு நடைபாதையில். வான் அலறிக்கொண்டு பிரேக் பிடித்தது, சறுக்கியது, முழுதாகப் பக்கம் திரும்பியது, பள்ளிக்கூடக் கம்பி வேலியில் முட்டி நின்றது. அதன் பின்பக்கத்துக்கும் வண்டிலுக்கும் இடையில் ஒரு முழம் இருக்கலாம். குழந்தைகள் இரண்டும் நித்திரை. இன்னும் நித்திரை.

வானுக்குள்ளிருந்து ஒரு மனிதன் இறங்கினான். முகத்தில் இரத்தமே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, தமிழில் கேட்டான்.

“ஆர்... ஆர் முருகா எண்டது?”

எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதை எழுதும்போதும் கூச்செறிகிறது.

“நான்தான், தம்பி.”

“அண்ணை, நான் சிவப்பைக் கண்டு பிரேக் அடிக்கேல்லை. சிவப்பு தெரியேல்லை. லைட் வேலை செய்யேல்லை எண்டு நினைச்சுத்தான் வந்தனான். முருகா எண்டு கேட்டது, கால் தானாப் பிரேக்கிலை போச்சு.”

“கண்ணாடி பூட்டியெல்லோ வந்திருப்பாய்? எப்பிடிக் கேட்டது?”

“முன் கண்ணாடி மூச்சுப் பட்டுப் புகார் ஏறி ஒண்டும் தெரியேல்லை. அதாலை பக்கக் கண்ணாடியை இறக்கிப்போட்டு, குளிரோடை குளிரா வந்தனான்.”

அவன் பெயர் தயாபரன். ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவன். பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில் உள்ள தமிழ்க் கடைகளுக்குப் பேக்கரிப் பாண் கொண்டுபோய்ப் போடுகிறவன். அந்த வீதியால் ஒரு நாளைக்கு எத்தனை வாகனம், எத்தனை மொழிக்காரர் போகிறார்கள்? அந்தச் சொல்லைக் கேட்டால் பிரேக்கில் காலை வைக்கிற ஒருவன், கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்த நொடியில் வந்தான். நான் எட்டு வருடமாக யோசிக்கிறேன். முடிவு தெரியவில்லை. தெரியவும் வேண்டாம்.

5

இதுவரை எல்லாரும் சொல்கிற கதை. இனி நான் ஒளித்தது.

பொலிஸ் வந்து எழுதிக்கொண்டிருந்தபோது வெயிலில் சிவப்பின் மூடியிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டி கழன்று என் சப்பாத்துக்குக் கிட்ட விழுந்தது. தயாபரன் மூக்கைச் சுருக்கினான்.

“என்னண்ணை, தேங்காய் எண்ணெய் மணக்குது?”

“என்ரை தலைதான்,” என்று சொன்னேன். “காலமை வைச்சனான்.”

நல்லூர்க் கந்தன் பெயரைக் கூப்பிட்டு இருபது நிமிடம் ஆகவில்லை. அதே வாயால் பொய் சொன்னேன். சப்பாத்தால் அந்தக் கட்டியை ஸ்னோவுக்குள் மிதித்தும் விட்டேன்.

பள்ளிக்கூடம் என்னைக் கொண்டாடியது. பிள்ளைகள் மஞ்சள் கோட்டுப் போட்ட ஆளைப் படம் கீறித் தந்தார்கள். அந்த ருமேனியாப் பெண் கேக் செய்துகொண்டு வந்து, நீ கூப்பிட்டது யாரை என்று கேட்டாள். என் கடவுளை என்றேன். அவருக்கு என் நன்றியைச் சொல்லு என்றாள். அந்தக் கேக் எங்கள் மேசையில் இரண்டு நாள் இருந்தது. நான் தொடவில்லை. பவளம் எதுவும் கேட்கவில்லை. போத்தல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு தயாபரன் ரெலிபோன் எடுத்தான்.

“அண்ணை, கடிதம் வந்திருக்கு. சிவப்புக்கு நிக்காமல் வந்ததெண்டு கேஸ் போடப் பாக்கினம். லைசென்ஸ் போச்செண்டால் எனக்கு வேறை தொழில் தெரியாது. லைட்டிலை ஸ்னோ இருந்தது எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுவியளே?”

“சொல்லுறன்,” என்றேன். ரிசீவரை வைத்துவிட்டுச் சாமி அறைக்குள் போனேன். கும்பிட முடியவில்லை. வெளியே வந்து ஆரணியைக் கூப்பிட்டேன். அவளுக்கு அப்போது பதினாறு.

“கொம்பியூட்டரைத் திற பிள்ளை. கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுத வேணும். நான் தமிழிலை சொல்லுறன், நீ இங்கிலீஷிலை அடி.”

சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டு வந்தாள். எண்ணெய் என்ற இடத்தில் நிறுத்தினாள். எங்கள் வீட்டில் அவள் ஆங்கிலத்திலும் நாங்கள் தமிழிலும்தான் கதைப்பது. “அப்பா, இதைப் போட்டால் உங்களை நிற்பாட்டிவிடுவார்கள்,” என்றாள்.

“போடு.”

“ஸ்னோ மூடியது என்று மட்டும் போட்டாலே அந்த அங்கிள் தப்பிவிடுவார்.”

“போடு பிள்ளை.”

“ஏன் எண்ணெய்? யார் சொன்னது?”

பலாப்பழத்தைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்கி, கண் கலங்கி, என் தோளில் தலையை வைத்தாள். கோட்டைப் பிடித்துத் திரிந்த காலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் செய்தது அன்றுதான். கடிதத்தின் கடைசியில் என் பெயரைத் தானே அடித்து, “ஐ ஆம் ப்ரவுட் ஒஃப் யூ, அப்பா” என்றாள்.

6

கூப்பிட்டார்கள். ஒரு மேசை, ஒரு அதிகாரி அம்மா, பக்கத்தில் சிக்னல் பகுதியைச் சேர்ந்த இன்ஜினியர். என் கடிதம் இருவர் முன்னாலும் இருந்தது. அந்த அம்மா என் பக்கம் பார்க்காமல் வாசித்தாள். அரசாங்கச் சொத்தில் கை வைத்தது, ஆபத்தை உண்டாக்கியது என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் “யெஸ்” என்றேன்.

இன்ஜினியர் வயதானவர். எண்ணெய் எவ்வளவு, எந்த நேரம் பூசினீர்கள், பூசும்போது எப்படித் தெரிந்தது என்று விசாரித்து எழுதினார். கோபமாகக் கேட்கவில்லை, படிக்கிற பிள்ளை மாதிரிக் கேட்டார். பழைய பல்ப் என்றால் உங்கள் எண்ணெய் உருகித்தான் இருந்திருக்கும் என்றார். ஆனால் பழைய பல்ப் என்றால் எண்ணெயே தேவைப்பட்டிராது என்றும் சொன்னார். பிறகு பேனையை வைத்துவிட்டு இப்படிச் சொன்னார். ஆரணி கூட இருந்து எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்: “இந்த விளக்குகளுக்குக் கல்லெறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். சப்பாத்துக் கட்டித் தொங்கவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். விளக்கின் மேலே ஸ்னோ விழுகிறதே என்று பார்க்க வந்தவரை இன்றுதான் காண்கிறேன். ஆனால் இனிமேல் தொடாதீர்கள்.”

என் கடிதத்தின் பிரதி பொலிஸுக்கும் போனது. தயாபரனுக்குக் கேஸ் இல்லை என்று கடிதம் வந்தது. என் மஞ்சள் கோட்டையும் தடியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதே பள்ளிக்கூடத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை தந்தார்கள். அடுத்த பனிக்காலத்துக்கு முதல் அந்தச் சிக்னலுக்கு வேறு மாதிரி மூடி பூட்டினார்கள், கீழ்ப்பக்கம் வெட்டி விட்டது. ஸ்னோ தங்காமல் விழுந்துவிடும்.

ருமேனியாப் பெண்ணிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வண்டிலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பல மாதம் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் மாறிவிடுவாள். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

7

கவுன்சிலுக்குச் சொன்னேன். பொலிஸுக்குச் சொன்னேன். தயாபரனுக்கும் அந்தத் தாய்க்கும் சொன்னேன். எங்கள் சனத்துக்குச் சொல்லவில்லை.

தயாபரன் போன கடை, போன கோயில் எல்லாம் கதையைச் சொன்னான். எண்ணெயை மட்டும் விட்டுவிட்டான். “அதை ஏன் அண்ணை சொல்லுவான்? உங்கடை பேரும் கெட்டு, முருகன்ரை பேரும் கெட்டுப்போம்,” என்றான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஒரு பொங்கல் விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் தந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஆரணி. பவளத்தின் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது அப்பா சொல்லப்போகிறார் என்று அந்த முகம் ஆயத்தமாக இருந்தது. நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“எல்லாம் முருகன் செயல்,” என்றேன். சனம் கைதட்டியது. இறங்கிவிட்டேன்.

வீட்டுக்குப் போகும்போது காரில் அவள் கேட்டாள், “கவுன்சிலுக்குச் சொன்னீர்களே அப்பா. இவர்களுக்கு ஏன் சொல்லவில்லை?”

“அவையளுக்கு விளங்காது பிள்ளை.”

“கவுன்சிலை விட இவர்களுக்குத்தான் விளங்கும். எல்லார் வீட்டிலும் அதே போத்தல்தானே இருக்கிறது,” என்றாள்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை, அவ்வளவுதான். முதலில் படிப்பு என்றாள், பிறகு வேலை என்றாள். இப்போது லீட்ஸில் இருக்கிறாள். கிழமைக்கு ஒருக்கால் ரெலிபோன் எடுப்பாள், சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். லண்டனில் வளர்கிற பிள்ளைகள் கோயிலை விட்டு விலகிப் போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் கவலைப்படும்போது நானும் தலையாட்டுவேன். என் பிள்ளை விலகிய நாளும் நேரமும் எனக்குத் தெரியும். கையில் மைக்கோடு நின்றவன் நான்.

8

தைப்பூசத்தன்று அந்த மனிதர் சொன்ன திருநீற்றைக் கேட்டுவிட்டு வந்துதான் இந்தக் கொப்பியை எடுத்தேன். ஒரு பொய்யை வளர விட்டால் அது கும்பிடுகிற பொருளாகவே மாறிவிடும் என்று அன்றைக்குத்தான் பயந்தேன். நாளைக்கு யாராவது அந்தக் கம்பத்துக்குப் பூ வைத்தாலும் வைப்பார்கள்.

எழுதி முடித்ததை ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் விளங்கும். பாதியில் கார் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. முடிந்ததும் கேட்டாள்.

“மைக்கையும் போட்டிருக்கிறீர்களா, அப்பா?”

“ஓம் பிள்ளை. இப்ப வாசிச்சனெல்லே.”

“நான் கார் ஓடிக்கொண்டு இருந்ததிலை சரியாக் கேக்கேல்லை. திரும்பி வாசிங்கோ,” என்றாள். தமிழிலேயே சொன்னாள். நான் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். லண்டனுக்குத்தான் வருகிறாயா என்று நான் கேட்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள், ஊருக்கும் அனுப்புங்கள். ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். சுருக்கினால் முதலில் விழுவது எண்ணெய்தான். எனக்கு அனுபவம். எண்ணெயை எடுத்துவிட்டால், ஒரு நல்ல மனிதன் கூப்பிட முருகன் வந்தான் என்று ஆகிவிடும். அதில் வியக்க என்ன இருக்கிறது? கெடுத்தவனே கூப்பிட்டான். கெட்டது அவன் கையால். அப்படியிருந்தும் முருகன் ஒரு முழத்தில் வந்து நின்றான். அந்த இரண்டு குழந்தைகளும் இப்போது பள்ளிக்கூடம் வருகிறார்கள். நான் கழுவுகிற தட்டுகளில் அவர்கள் சாப்பிட்ட தட்டும் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். ஒரு சொல்லும் குறைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம்.